‘எழுத்து, இயக்கம்’ இரண்டிலும் அவர் பெயர்: எழுதிய பெண்ணுக்கு என்ன உரிமை?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் நாடகக் குழுவின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்றார்; இரண்டையும் விட்டுவிட்டேன்.

பள்ளி ஆசிரியை. உள்ளூர் கலாசாரச் சபை ஒன்றின் நாடகக் குழுவில் பல வருடங்களாக உடை தைப்பது, பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது என்று உழைத்தவர். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்ட ஒரு பாட்டியின் கதையை, பாதி தமிழும் பாதி டர்பன் இங்கிலீஷுமாக, எண்பது நிமிட நாடகமாக எழுதினார். சபைச் செயலாளர்தான் இயக்குநர், எல்லாருக்கும் ‘அண்ணா’. ஒத்திகையில் அவர் வசனங்களை மாற்றினார், முடிவையும் மாற்றினார். எழுதியபடி பாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மேடையில் மகனை ஆசீர்வதித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். போஸ்டரில் ‘எழுத்து, இயக்கம்’ என்று அண்ணாவின் பெயர். வாசகியின் பெயர் நன்றிப் பட்டியலில், சாப்பாடு போட்டவர்களுக்குக் கீழே.

சாட்ஸ்வர்த்தில் மூன்று காட்சி முடிந்ததும் ஒரு உறையில் 3,000 ராண்ட் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு இவரிடம் சொல்லாமலே பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் நாடகம் போடப்பட்டது. முழு வீடியோ யூடியூபில் இருக்கிறது. இப்போது இரண்டாவது நாடகத்தைத் தானே இயக்க ஆசைப்படுகிறார். கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் வந்த பதில்: “லேடீஸ் டைரக்ட் பண்ணா பையங்க ப்ராக்டிஸுக்கு வரமாட்டாங்க. லேடீஸ் டிராமாவுக்கு டிக்கெட்டும் போகாது.” போஸ்டர் பெயர் பற்றிக் கேட்டதற்கு, கதைக் கரு தன்னுடையது என்கிறார் அண்ணா. வாசகி எதையும் பதிவு செய்யவில்லை, பணமும் வாங்கியாயிற்று. தொழிலாளர் தகராறுகளைக் கேட்கும் சிசிஎம்ஏ-வுக்குப் போகலாமா, அல்லது கணவர் சொல்கிறபடி விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்க நீங்கள் அனுமதி கேட்கிற குரலில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் அனுமதி கேட்க வேண்டியது சபை. கொடுக்க வேண்டியவர் நீங்கள். இரண்டாவது நாடகத்தை யார் இயக்குவது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் பாகுபாட்டுப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நாடகம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பதிவு செய்யவில்லையே என்ற பயம்

இந்த பயத்தை இப்போதே விடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் (காப்பிரைட், சட்ட எண் 98) நாடகத்தைப் பதிவு செய்கிற ஏற்பாடே கிடையாது. எழுதியது உங்கள் சொந்த உழைப்பாக இருந்து, நோட்டுப் புத்தகத்திலோ கம்ப்யூட்டரிலோ ஏறிவிட்டால், அந்த நொடியே உரிமை பிறந்துவிடுகிறது. நீங்கள் இருக்கும்வரை அது உங்களுடையது. உங்களுக்குப் பிறகும் 50 வருடம் உங்கள் வாரிசுகளுடையது.

பதிவு இல்லாததால் பாதிக்கப்படுவது உரிமை அல்ல, சாட்சியம். கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் கோப்பின் பழைய வடிவங்கள், நடிகர்களுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், “அக்கா, ரெண்டாவது சீன் அனுப்புங்க” என்று யாராவது கேட்ட வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் தேதி தெரியும்படி சேமியுங்கள். எழுதிய விதத்தையும் காலத்தையும் சொல்லி ஒரு சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) தயாரித்து, பிரதியை அதோடு இணைத்துப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்து வாங்குங்கள், செலவில்லை. அது உரிமை தருகிற பத்திரமல்ல, இந்தத் தேதியில் இந்தப் பிரதி உங்கள் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். தனக்குத்தானே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தேதியுள்ள மின்னஞ்சல் ஒன்று அதைவிட உபயோகம்.

கதைக் கரு தன்னுடையது என்கிறாரே?

இருக்கட்டும். காப்புரிமை கருவுக்கு இல்லை, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான். “மேகசின் பாரக்ஸ் பாட்டி பற்றி ஒரு நாடகம் போடலாமே” என்று சொன்னவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். காட்சிகளைக் கட்டியதும் அந்தப் பாட்டியின் வாயில் சொற்களை வைத்ததும் நீங்கள்.

ஒத்திகையில் மாறிய வசனங்கள்தான் சற்று நுட்பமான இடம். இருவர் சேர்ந்து உழைத்து, யார் பங்கு எது என்று பிரித்தெடுக்க முடியாதபடி கலந்துபோனால்தான் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அவர் மாற்றிய இடங்களைத் தனியாகக் கோடிட்டுக் காட்ட முடிகிறது: சில வசனங்கள், ஒரு முடிவு. அப்படிப் பிரித்துக் காட்ட முடிவதே உங்களுக்குச் சாதகம். ஒத்திகை தொடங்கிய அன்றிருந்த பிரதியையும் மேடையேறிய பிரதியையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, மாறிய வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடியுங்கள். நூறு பக்கத்தில் ஆறு பக்கம் மஞ்சளானால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாற்பது பக்கம் மஞ்சளானால், நேர்மையாகச் சொல்கிறேன், அவருக்கும் ஒரு வாதம் உண்டு. அப்போது சமரசத்துக்குத் தயாராகப் போங்கள்.

பாட்டி கிளம்பிப் போகிற முடிவை, அவள் தங்கிவிடுகிற முடிவாக மாற்றியது வேறு விஷயம். படைப்பாளியின் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை 20-ஆம் பிரிவு தருகிறது. ‘இதை எழுதியவர் நான்’ என்று கோரும் உரிமையும் அதே பிரிவில்தான். காப்புரிமையையே விற்றுவிட்டாலும் இவை உங்களோடு நிற்கும். முடிவு மாற்றம் ‘மதிப்புக்குக் குந்தகம்’ என்ற அளவைத் தொடுகிறதா என்று நீதிமன்றத்தில் வாதாடுவது சுலபமல்ல. பெயர் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை.

ரசீதைத் தேடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 3,000 ராண்ட் ரசீது. பணம் வாங்கிவிட்டால் நாடகம் சபைக்குச் சொந்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். நீங்கள் சபையின் ஊழியர் இல்லை, தொண்டர். காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்ற விதி போட்டோ, உருவப்படம், சினிமா, ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு உண்டு. நாடகப் பிரதிக்கு இல்லை. உரிமையை முழுவதும் எழுதிக்கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்தும் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

ஆகவே ரசீதில் ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள். ‘நாடகத்துக்காக 3,000 ராண்ட் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் இருந்தால் அது பணம் வந்ததற்கு அத்தாட்சி. ‘சகல உரிமைகளும் சபைக்கு’ என்கிற மாதிரி ஒரு வரி, இங்கிலீஷில் சின்ன எழுத்தில், எங்காவது இருந்தால் நிலைமை வேறு. உங்களிடம் பிரதி இல்லையென்றால் பொருளாளரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். சண்டை தொடங்கிய பிறகு கேட்டால் காகிதம் கிடைக்காது.

முழு உரிமைக்குத்தான் எழுத்து வேண்டுமே தவிர, ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள் என்கிற சாதாரண அனுமதியை வாய்மொழியாகவும் நடத்தையாலும் தரலாம். பிரதியைக் கொடுத்து, ஒத்திகையில் உட்கார்ந்து, பணமும் வாங்கியதால் சாட்ஸ்வர்த் காட்சிகள் மூன்றுக்கும் நீங்கள் அனுமதி தந்ததாகவே கொள்வார்கள். அங்கே உங்களுக்குள்ள குறை பெயர் மட்டும்தான். பீட்டர்மரிட்ஸ்பர்க், லெனேசியா காட்சிகளும் யூடியூப் வீடியோவும் அப்படியல்ல.

ஒரு எச்சரிக்கை. நாடகத்தைப் புத்தகமாகப் போடும் எண்ணம் சபைக்கு இருந்தால் உடனே தடுங்கள். அச்சான பிரதியில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே, மாறாக நிரூபிக்கும்வரை, ஆசிரியராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும்.

எதை எந்த வரிசையில் செய்வது

யூடியூப் வீடியோவை நீக்கச் சொல்லத்தான் முதலில் கை பரபரக்கும். வேண்டாம். வீடியோ தலைப்பு, கீழே எழுதியிருக்கும் விவரம், பதிவேற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, போஸ்டர், டிக்கெட், அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, வீடியோவையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நீக்கிய பிறகு உங்கள் சாட்சியமும் சேர்ந்து போய்விடும்.

பிறகு சபைக்கு ஒரு பக்கக் கடிதம். அண்ணாவுக்குத் தனியாக அல்ல. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒரே நாளில். குற்றச்சாட்டு வேண்டாம், கேட்பதை மட்டும் எழுதுங்கள்: எல்லா இடத்திலும் ‘எழுத்து’ என்பதற்கு நேரே உங்கள் பெயர், வெளியூர்க் காட்சிகளின் வசூல் கணக்கும் அதில் பங்கும், இனி எழுத்து அனுமதி இல்லாமல் நாடகம் போடக் கூடாது. பதிலுக்கு 14 நாள் கொடுங்கள்.

பங்கைப் பற்றிப் பேசும்போது மொத்த வசூலில் சதவீதம் கேளுங்கள், லாபத்தில் அல்ல. ஹால் வாடகை, சவுண்டு, பஸ், பிரியாணி எல்லாம் கழித்த பிறகு எந்தச் சபை நாடகமும் லாபம் காட்டியதாகச் சரித்திரம் இல்லை. வெளியூர்க் காட்சி இரண்டிலும் 300 டிக்கெட் வீதம், 100 ராண்டுக்கு விற்றிருந்தால் வசூல் 60,000. பத்து சதவீதம் என்றால் 6,000 ராண்ட். இந்த அளவு தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் போதும். 2019 முதல் அதன் வரம்பு 20,000 ராண்ட்; வக்கீல் தேவையில்லை, வக்கீல் உங்களுக்காக வாதாடவும் முடியாது. நாடகத்துக்கே தடையுத்தரவு வேண்டுமென்றால்தான் உயர் நீதிமன்றம், அதற்கேற்ற செலவு. ஒரு வருடச் சம்பளத்தை அதில் கொட்ட வேண்டிய வழக்காக இது எனக்குத் தெரியவில்லை.

பாகுபாட்டு வழக்கு

சிசிஎம்ஏ உங்களுக்கான இடமல்ல. அது முதலாளி–தொழிலாளி தகராறுக்கு. தொண்டருக்கு உள்ள வழி சமத்துவ நீதிமன்றம். 2000-ஆம் வருடச் சமத்துவச் சட்டம் (எண் 4) அரசை மட்டுமல்ல, எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. சங்கங்களும் கிளப்புகளும் அதற்குள் வரும். மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு தெரிகிறது என்று நீங்கள் காட்டிவிட்டால், அது நியாயமானதே என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. வாய்ப்புக் கிடைக்காததற்குப் பெண் என்பதே காரணம் என்று காட்டுவதுதான் இவ்வகை வழக்கில் பெரும்பாடு. உங்கள் கமிட்டி அந்தச் சிரமத்தைக் குறைத்து, காரணத்தைத் தானே எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. மன்னிப்பு, இழப்பீடு, சபையின் நடைமுறையை மாற்றச் சொல்லும் உத்தரவு வரை நீதிமன்றம் பிறப்பிக்கலாம்.

ஆனாலும் முதல் அடியாக இதை வைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். உங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு அதே ஹாலில்தான் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கில் ஜெயித்தாலும், உத்தரவின் பேரில் ஒத்திகைக்கு வருகிற நடிகர்களை வைத்து யாராலும் நாடகம் போட முடியாது. இந்த வழி கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக வையுங்கள்.

கமிட்டி சொல்லும் காரணங்களுக்கு வருவோம். டிக்கெட் போகாது என்பது. இதை அமெரிக்காவில் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2009-இல் எமிலி கிளாஸ்பெர்க் சாண்ட்ஸ் என்ற மாணவியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், பத்து வருட பிராட்வே நாடகங்களில் பெண்கள் எழுதியவை எட்டில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அவை வாரத்துக்கு 16 சதவீதம் அதிக டிக்கெட் விற்றன. வசூல் கூடியும் அவற்றை அதிக நாள் ஓடவிடவில்லை. அதே ஆய்வில் ஒரே பிரதியை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் நாடக அரங்குகளுக்கு அனுப்பியபோது பெண் பெயருக்கு மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் பெண் வாசிப்பாளர்கள். கமிட்டியில் இரண்டு ஆன்ட்டிமார் இருப்பதால் நியாயம் கிடைக்கும் என்று நம்பியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாரம்பரியம். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் பெற்ற தெருக்கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே தமிழ் மரபில்தான், நூறு வருடத்துக்கும் முன்னால், கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். இன்றைக்குச் சென்னையில் அ. மங்கை இயக்குகிறார்.

“எங்கள் ஊரில் பெண்கள் யாரும் இதைச் செய்ததில்லை” என்று நீங்களும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். 1960-களில் டர்பனில் ஷா தியேட்டர் அகாடமி என்ற நாடகக் குழு தொடங்கியபோது நாடகாசிரியர் ரோனி கோவிந்தரோடு நின்றவர் முத்தாள் நாயுடு. எழுதினார், இயக்கினார், 1998-இல் அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களின் நாடகத் தொகுப்பில் அவர் நாடகம் ஒன்று இருக்கிறது. ஃபாத்திமா டிக்கே எழுதிய நாடகம் 1976-இலேயே மேடையேறியது. டர்பன்காரரான சினா ம்லோஃபே ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் இயக்குநராகவே பணியாற்றினார். ஆனாலும் டர்பன் இந்திய நாடகம் என்றதும் ரோனி கோவிந்தர், கெஸ்ஸி கோவிந்தர், கிரிபன் பிள்ளை என்று ஆண் பெயர்களே வாயில் வருகின்றன. நன்றிப் பட்டியலில் போன பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். பணத்தைவிடப் பெயரை முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது நாடகம்

இந்தப் பிரதியை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை அல்லவா? கொடுக்காதீர்கள். கதவின் சாவி உங்கள் கையில் இருக்கும்போது வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காப்புரிமை உள்ளவர் நிபந்தனையோடு அனுமதி தரலாம். ‘முதல் மேடையேற்றத்தை ஆசிரியரே இயக்குவார்’ என்பது முழுக்கச் செல்லுபடியாகும் நிபந்தனை. பாகுபாடு, சம உரிமை என்ற வாதமே தேவைப்படாது. நாடகம் வேண்டுமானால் இயக்குநரும் இவர்தான்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். உரிமையை எழுதிக்கொடுப்பதாக இல்லாமல் அனுமதியாக மட்டும் இருக்கட்டும். அதில் இவை வேண்டும்:

– எந்தத் தேதியிட்ட பிரதி, எத்தனை காட்சி, எந்தெந்த ஊர், எந்தத் தேதியோடு அனுமதி முடிகிறது. ஆறு காட்சி, பன்னிரண்டு மாதம் என்று தொடங்கலாம்.
– மேடைக்கு மட்டும். விளம்பரத்துக்கு இரண்டு நிமிட வீடியோ. முழுப் பதிவுக்குத் தனி ஒப்பந்தம்.
– போஸ்டர், டிக்கெட், ஃபேஸ்புக் எதிலும் எழுதியவர் பெயர் வேறெந்தப் பெயரையும்விடச் சிறிதாக இருக்கக் கூடாது.
– வசன மாற்றத்துக்கு உங்கள் சம்மதம். வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்றால் போதும். கேட்டு 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்வது உங்கள் கடமை. இந்தக் கடமை இல்லாவிட்டால் ஒத்திகை நின்றுபோகும், பழி உங்கள்மேல் வரும்.
– ஒத்திகையில் நடிகர்கள் சேர்க்கும் வசனம் பிரதியோடு சேரும், தனி உரிமை கோர மாட்டோம் என்று நடிகர்கள் கையெழுத்து.
– கடைசிக் காட்சி முடிந்து 14 நாளில் டிக்கெட் கணக்கும் பணமும்.

சபை “அப்படியானால் உங்கள் நாடகமே வேண்டாம்” என்று சொல்லலாம். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள். மாற்று ஏற்பாடாக மேடை வாசிப்பு வையுங்கள்: நாலைந்து நடிகர்கள், கையில் பிரதி, செட் கிடையாது, ஒரு லைப்ரரி ஹாலில் ஒரு மாலை. இரண்டு மூன்று ஒத்திகையில் முடியும். நோட்டீஸில் ‘எழுத்து, இயக்கம்’ என்று உங்கள் பெயர் அச்சாகும். ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு மானிய மனு போடும்போது முதலில் கேட்கும் சான்று அந்த மாதிரிக் காகிதம்தான். மகாண்டா தேசியக் கலைவிழாவில் ஃப்ரிஞ்ச் என்கிற பக்கப் பிரிவுக்கும் மனு போடலாம். பிரதான நிகழ்ச்சியை விழாக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஃப்ரிஞ்சில் செலவு நம் தலையில், வாசல் திறந்திருக்கும். அங்கே ஒரே மேடையில் நாடகத்துக்குப் பின் நாடகம் ஓடுவதால், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாத, செட் முழுவதும் ஒரு பக்கியில் (பிக்அப் வண்டியில்) ஏறிவிடுகிற நாடகம்தான் தாக்குப்பிடிக்கும். எண்பது நிமிடப் பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். எழுத்துக்கும் அது நல்லதுதான்.

கணவர் சொல்கிறபடி விட்டுவிடலாமா என்றால், பணத்தை வேண்டுமானால் விடுங்கள். அது உங்கள் குடும்பக் கணக்கு. பெயரை விட்டால் இரண்டாவது நாடகத்துக்குப் பேரம் பேசும் பலமும் கூடவே போய்விடும்.

தேதி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் காட்சி நடந்து இரண்டு வருடம் நெருங்குகிறது என்கிறீர்கள். பண உரிமைகோரலுக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று வருடம். விஷயமும் ஆளும் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. கடிதம் எழுதிவிட்டோம், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. சபை கடனை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சம்மன் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதத்துக்குள் பேச்சு முடியவில்லையென்றால் ரசீதையும் மஞ்சள் அடித்த பிரதியையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்துக்குப் போய் உட்காருங்கள்.